வலி கழுத்தில், வேர் தாடையில்?
தலையணையை மாற்றியும் தீராத கழுத்து வலியில் தாடை மூட்டுக்கும் பங்கு இருக்கலாம். அதற்காக அவசரப்பட்டுப் பல்லில் கை வைத்தால் ஆபத்து.

முதலில் தலையணை மாறும். பிறகு மெத்தை. அடுத்து கழுத்தில் காலர் ஏறும். எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, லேசான தேய்மானம், ஸ்பாண்டிலோசிஸ் என்பார். காதுக்குள் குடைகிறதே என்று காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போனால், காதில் கோளாறு எதுவும் இல்லை என்ற பதில் வரும். மாதங்கள் ஓடும். கடைசியில், சொத்தைப் பல்லைக் காட்டப் பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்கும்போது காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம். அதுவரை யாரும் தொட்டுப் பார்க்காத ஓர் இடத்தின் மீது அப்போதுதான் சந்தேகம் விழுகிறது: தாடை மூட்டு.

வழக்கமான கதைதான் இது. டெல்லியானாலும் திருச்சியானாலும் பல் ஒருவருக்கு, எலும்பு வேறொருவருக்கு என்று மருத்துவம் பிரிந்து கிடக்கிறது. உடம்பு அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் அசைவது தெரியும். கீழ்த்தாடை மண்டை ஓட்டோடு சேரும் இடம் அது. நடுவே மெத்தை போல ஒரு குருத்தெலும்பு வட்டு. வாய் திறக்கும்போது இந்த மூட்டு கதவுக் கீல் போலச் சுழல்வதோடு முன்னாலும் நழுவுகிறது. வட்டு இடம் பிசகினால் சத்தம் வரும். சில சமயம் வாய் பாதியிலேயே நின்றுவிடும். ஆனால் பலருக்குப் பிரச்சினை மூட்டில் அல்ல, அதை இயக்கும் தசைகளில்தான்.

இந்தத் தொல்லையை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் காஸ்டன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை மருத்துவர். காது, சைனஸ் கோளாறு போலத் தோன்றிய 11 நோயாளிகளின் தொல்லைக்குத் தாடை மூட்டே காரணம் என்று 1934ல் எழுதினார். கடைவாய்ப் பற்கள் விழுந்து கடி மாறுவதே மூலம் என்ற அவரது விளக்கம் பின்னாளில் நிற்கவில்லை. தாடையின் வலி வேறு இடத்தில் தலைகாட்டும் என்ற கருத்து நிலைத்துவிட்டது.

ஒரே கூட்டுக் குடும்பம்

கழுத்து எப்படி இதில் வருகிறது? விடை நரம்புகளில் இருக்கிறது. முகம், தாடை ஆகியவற்றின் உணர்ச்சிகளைச் சுமக்கும் டிரைஜெமினல் நரம்பின் வலிச் செய்திகள் மூளைத்தண்டிலிருந்து கழுத்துத் தண்டுவடத்தின் மேல்பகுதி வரை இறங்குகின்றன. கழுத்தின் மேல் மூன்று நரம்புகள் கொண்டுவரும் வலியும் அங்கேதான் வந்து சேர்கிறது. இரண்டு ஊர் தபாலும் ஒரே தபால் நிலையத்தில் குவிந்தால் விலாசம் மாறுவது சகஜம். தாடை வலி பிடரியில் தெரியும். கழுத்து வலி தாடையிலும் பொட்டிலும் தெரியும்.

தசைகளும் கூட்டாளிகளே. வாயைத் திறக்கும்போது தாடை கீழே இறங்குவதோடு தலையும் லேசாகப் பின்னால் சாய்கிறது. இந்தக் கூட்டு அசைவை ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998ல் பதிவு செய்தார்கள். கம்ப்யூட்டர் முன்போ செல்போன் மீதோ மணிக்கணக்கில் தலையை நீட்டிக்கொண்டிருப்பவருக்குக் கழுத்துத் தசைகளோடு தாடைத் தசைகளும் இறுகக்கூடும். பரீட்சை, கடன், வேலை நெருக்கடி என்று மனம் இறுகும்போது பற்களும் கூடவே இறுகும்.

பெண்களிடமும், 20 முதல் 40 வயது வரை உள்ளவர்களிடமும் இது அதிகம் காணப்படுகிறது. அதற்காகக் கழுத்து வலி எல்லாமே தாடையால் வருவது என்று முடிவு கட்டக்கூடாது. எது முதலில் வந்தது என்று பல நேரம் பிரித்துச் சொல்லவும் முடியாது. மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் வலி கூடுகிறதா, காலையில் தாடை மரத்தது போல இருக்கிறதா, மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று கவனிக்கலாம். வலியில்லாத வெறும் சத்தத்துக்குச் சிகிச்சை தேவையில்லை.

வட மாநிலங்களில் குட்கா, பான் மசாலா, நம் பக்கத்தில் பாக்கு என்று மெல்லும் பழக்கம் உள்ளவர்களுக்கு வாய் திறப்பது சுருங்கினால் விஷயமே வேறு. அது வாய்த்தோல் இறுகும் நோயாக இருக்கலாம். புற்றுநோயில் முடியும் வாய்ப்பும் உண்டு. நடக்கும்போது தாடையிலும் கழுத்திலும் வலி வந்து, நின்றதும் குறைந்தால் பார்க்க வேண்டியது இதய மருத்துவரை. ஓய்விலும் விடாமல் வலித்தால், வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். கை மரத்துப்போனாலும், பலம் குறைந்தாலும் கழுத்தைச் சோதிப்பதைத் தள்ளிப்போடக்கூடாது.

கத்திக்கு முன் யோசியுங்கள்

அவசர வைத்தியத்துக்குக் கசப்பான முன்னுதாரணம் உண்டு. 1980களில் அமெரிக்காவில் பலருக்குத் தாடை வட்டை எடுத்துவிட்டு டெஃப்ளான் கலந்த செயற்கை வட்டு பொருத்தினார்கள். அது மெல்லும் அழுத்தத்தில் சிதைந்து எலும்பையே அரித்தது. 1990 டிசம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. பல நோயாளிகள் திரும்பத் திரும்ப அறுவை மேஜைக்குப் போனார்கள்.

பாடம் வீண்போகவில்லை. நாள்பட்ட தாடை வலி பற்றி 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் வழிகாட்டுதல், வட்டை அகற்றும் அறுவையும் கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் கருவிகளும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறது. அது முன்னிறுத்துவது எளிய வழிகளை: பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, உட்காரும் நிற்கும் நிலையைத் திருத்தும் பயிற்சி, இறுகிய தசைமுடிச்சுகளைக் கையால் தளர்த்துவது, வலியைச் சமாளிக்கப் பழக்கும் மனோதத்துவ சிகிச்சை. பல்லில் மாட்டும் பிளாஸ்டிக் உறையைக்கூட அது எல்லோருக்கும் பரிந்துரைக்கவில்லை. பல்லை ராவிக் கடியைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரையும் கேட்டுவிடுவது நல்லது. ராவிய பல் திரும்ப வளராது.

பெரும்பாலானவர்களுக்கு வலி காலப்போக்கில் தணிந்துவிடுகிறது. சில வாரங்களுக்கு முறுக்கு, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். குழைந்த சாதமும் இட்லியும் போதும். கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பேசும் பழக்கத்தை விட வேண்டும்.

முக்கியமான மருந்து இன்னொன்று. மெல்லாமலும் பேசாமலும் இருக்கும் நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டிய அவசியமே இல்லை. உதடு மூடியிருக்க, பற்கள் சற்றே விலகியிருக்க வேண்டும். ஒரு நாளில் பத்துத் தடவை இதை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். இதற்கு டாக்டர் பீஸ் கிடையாது.