சேதுக் கரையில் ஒரு சைக்கிள் பயணம்

உங்கள் சைக்கிளின் பின்சக்கர டயரில் சுண்ணாம்பால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்தில் ஒரு குறி வையுங்கள். நண்பர் ஒருவரை வண்டியில் உட்காரவைத்து, கோடு மறுபடியும் தரையைத் தொடும்வரை நேராக உருட்டி, அங்கே இன்னொரு குறி வையுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள தூரமே சக்கரத்தின் ஒரு சுற்று. ஆள் உட்காராமல் அளந்தால் கணக்குச் சற்றுப் பிசகும். பாரம் ஏறியதும் டயர் அமுங்குகிறது அல்லவா? 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் போகும். ஸ்போக்ஸ் கம்பி ஒன்றில் சிறு அட்டையைக் கட்டி, அது சுற்றுக்கு ஒருமுறை சட்டத்தில் 'டக்' என்று தட்டும்படி செய்துவிட்டால் தூரம் அளக்கும் கருவி தயார்.

இந்தக் கருவியோடு இராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடிவரை போய்வர உங்களை அழைக்கிறேன். இராமேசுவரம் சுமார் 55 கிலோமீட்டர். அதற்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனைக்கு இன்னும் ஒரு 20 கிலோமீட்டர். இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். காரில் போனால் கண் பார்க்கும். சைக்கிளில் போனால் காலும் பார்க்கும். இந்தப் பாதையில் கால் பார்க்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் பாலத்தில் சொல்கிறேன்.

இராமநாதபுரத்தில் சேதுபதிகளின் இராமலிங்க விலாசம் அரண்மனையைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். வாலாந்தரவை, உச்சிப்புளி, மண்டபம் என்று சாலையும் இரயில் பாதையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் போகின்றன. இருபுறமும் பனைமரங்கள். மேடு என்று சொல்ல எதுவும் இல்லை. மதுரையிலிருந்து மண்டபம்வரை இரயில் வந்தது 1902இல். அதற்கு முன் இது நடைபாதை. சேதுவில் நீராடப் போனவர்கள் நாள்கணக்கில் நடந்த வழி.

நடந்தவர்களின் தடம் எங்கே என்று கேட்கிறீர்களா? ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். மண்டபம், அக்காள்மடம், தங்கச்சிமடம், முகுந்தராயர் சத்திரம். எல்லாமே வழிப்போக்கர் தங்கிய இடங்களின் பெயர்கள். இரயிலில் வருகிறவருக்கு இவை சன்னலோரம் ஓடும் பெயர்ப்பலகைகள். உங்களுக்கோ, ஒரு மடத்திலிருந்து அடுத்த மடத்துக்குச் சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்ற எண்ணிக்கை. எழுதிக்கொள்ளுங்கள். வெயிலில் மூட்டையைச் சுமந்து நடப்பவர் எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை நிழலும் தண்ணீரும் தேடுவார் என்பதை அந்த எண்களே காட்டும்.

மண்டபம் வருவதற்குச் சற்று முன்னால் 'மண்டபம் கேம்ப்' என்று ஒரு நிலையம். கேம்ப் என்றால் இராணுவ முகாம் என்று நினைத்துவிட வேண்டாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்களை நிறுத்திவைத்து, காலரா போன்ற தொற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தபின் அனுப்பிய இடம் இது. இலங்கை அரசே இதை நடத்தியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டபின் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தாயகம் திரும்பியவர்களாக இதே முகாமுக்கு வந்தார்கள். 1983க்குப் பிறகு அகதிகள் வந்தார்கள். ஒரே இரயில் பாதை, ஒரே முகாம். போனதும் வந்ததும் இதன் வழியாகத்தான். இந்தப் பாதையின் வரலாறு என்றால் பாலத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ இந்தச் சிறிய நிலையத்தில் இறங்கி ஏறியவர்களின் கதை அதற்குக் குறைந்ததாகத் தோன்றவில்லை.

இனிப் பாலம். 1988 அக்டோபர் 2இல் திறக்கப்பட்ட அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலத்தில் ஏறுங்கள். காலை வேளையில் போனால் வண்டி நெரிசல் இராது. ஓரமாகவே செல்லுங்கள். பாலத்தின் நீளம் 2.345 கிலோமீட்டர்; உங்கள் அட்டை சுமார் 1,066 முறை தட்டவேண்டும். சரிபாருங்கள். ஐந்து பத்துச் சுற்று முன்பின் வந்தால் கவலைப்பட வேண்டாம்.

எண்ணிக்கொண்டே போகும்போது பெடல் கனப்பது தெரியும். தட்டை நிலத்திலேயே வந்த கால்களுக்கு இது முதல் ஏற்றம். நடுப்பாலத்தை நோக்கிச் சாலை உயர்கிறது. அதன் அடியில் படகுகள் போகின்றன. இப்போது பக்கத்திலுள்ள இரயில் பாலங்களைப் பாருங்கள். 1914 பிப்ரவரி 24இல் திறந்த பழையதும், 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதியதும் கடல்மட்டத்தை ஒட்டித் தாழ்வாகவே கிடக்கின்றன. அவையும் ஏன் உயர்ந்து போகவில்லை?

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஓர் எஞ்சின் அத்தனை பெட்டிகளை எளிதாக இழுக்கிறது. ஆனால் அதே காரணத்தால் ஏற்றத்தில் பிடிப்புப் போதாமல் சக்கரம் வழுக்கும். ஆகவே இரயில் பாதையில் 100 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரலாம் என்பது போன்ற மெல்லிய சரிவுதான் ஏற்றது. புதிய பாலத்தின் நடுப்பகுதி கப்பலுக்காக 17 மீட்டர் மேலே எழும்புகிறது. அந்த 17 மீட்டரை இரயிலே ஏறிக் கடப்பதென்றால் ஏறுவதற்கு 1,700 மீட்டர், இறங்குவதற்கு 1,700 மீட்டர். ஆக 3,400 மீட்டர் வேண்டும். பழைய பாலத்தின் நீளமோ 2,065 மீட்டர்தான்! சாலைக்கு ஏறிப்போக முடிந்தது, இரயிலுக்கு முடியவில்லை. அதனால் இரயில் பாலம் கப்பலுக்கு வழி திறந்துவிடக் கற்றுக்கொண்டது. நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிய அந்த ஏற்றம்தான் இதற்கு விளக்கம்.

பழைய பாலம் திறந்த விதம் அழகானது. அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் செர்சர் கண்டுபிடித்த முறை அது. பாலத்தின் நடுவே எதிரெதிராக இரண்டு சிறகுகள். ஒவ்வொன்றும் சுமார் 415 டன். அவற்றைத் தூக்கியது எஞ்சின் அல்ல, மனிதக் கைகள்! வீட்டில் செய்து பாருங்கள். வட்டமான ஒரு காலி டப்பாவின் பக்கவாட்டில் அரையடி அளவுகோலைக் கட்டுங்கள். அளவுகோல் ஒரு புறம் நீண்டிருக்கட்டும். மறுபுறம் டப்பாவை ஒட்டிக் களிமண்ணை அப்புங்கள். களிமண்ணைக் கூட்டியும் குறைத்தும் எடையைச் சமன்செய்துவிட்டால், ஒரு விரலால் தள்ளினாலே டப்பா பின்னோக்கி உருள, அளவுகோல் மேலே எழும். களிமண்தான் எதிர் எடை. டப்பாவின் வளைவுதான் செர்சர் பாலத்தின் அடியிலுள்ள வளைந்த இரும்புப் பாதம். சிறகு எழும்போதே பின்வாங்கவும் செய்வதால் கப்பலுக்கு வழி அகலமாகக் கிடைக்கிறது. அச்சில் தேய்ந்து சுழலாமல் தரையில் உருள்வதால் உராய்வும் குறைவு.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் இந்தப் பாலத்தின் 126 தூலங்களைக் கடல் கொண்டுபோயிற்று. செர்சர் தூக்குப் பகுதி தப்பி நின்றது. அப்போது இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன், கடலுக்குள் கிடந்த தூலங்களைத் தேடி எடுத்து, மீண்டும் பொருத்தி, 46 நாள்களில் பாலத்தை ஓடவைத்தார். மீட்டர் பாதைக்காகக் கட்டிய அதே பாலம் வலுப்படுத்தப்பட்டு 2007இல் அகலப் பாதையையும் தாங்கியது. 2022 டிசம்பரில் அதில் இரயில் போக்குவரத்து நின்றது. அதைக் கழற்றி அகற்ற ஏற்பாடாகியுள்ளதால், நீங்கள் போகும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் படம் வரைந்து, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: இரயில் பாலத்தின்மேல் நடக்க முயல வேண்டாம். அது குற்றம், ஆபத்தும்கூட.

பாம்பனில் இறங்கினால் குந்துகால் பக்கத்தில்தான். 1897 ஜனவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் கரையிறங்கியதன் நினைவு மண்டபம் அங்கே இருக்கிறது. அவரை வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி. அப்போது பாலம் இல்லை என்பது நினைவிருக்கட்டும்.

பாம்பன் நிலையத்தில் நின்று ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். இன்று பாதை நேராக இராமேசுவரம் போய் முடிகிறது. 1964வரை அப்படி இல்லை. முக்கியப் பாதை தனுஷ்கோடிக்குப் போயிற்று. இராமேசுவரம் ஒரு கிளைதான். சென்னை எழும்பூரில் 'போட் மெயில்' ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கே இரயில் பிடித்துக் கொழும்பு சேர்ந்தார். இலங்கைவரை தண்டவாளமே போட்டுவிடும் யோசனையும் இருந்தது. செலவு கருதி விட்டுவிட்டார்கள்.

இராமேசுவரத்தில் இரவு தங்கி, விடியுமுன் தனுஷ்கோடிக்குப் புறப்படுங்கள். குடிதண்ணீர் நிறைய வேண்டும். மே முதல் செப்டம்பர்வரை தென்மேற்குக் காற்று பலமாக அடித்து மணலைச் சாலையில் கொண்டுவந்து குவிக்கும். மணலில் சைக்கிள் சறுக்கும், இறங்கித் தள்ளுங்கள். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியபின் உள்ள தார்ச்சாலை 2017இல் போட்டது.

தனுஷ்கோடியில் நிற்பவை: இரயில் நிலையத்தின் செங்கல் சுவர்கள், தண்ணீர்த் தொட்டி, தேவாலயம். தேவாலயச் சுவரை அருகில் போய்ப் பாருங்கள். கை வைத்துப் பெயர்க்க வேண்டாம். பூப்போன்ற துளைகள் தெரிகின்றனவா? அவை பவளக் கற்கள். கடல்காற்றின் ஈரம் அந்தத் துளைகளில் புகுந்து உலர, உள்ளே உப்பு படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும். அது கல்லை நெருக்கிப் பொடியாக்குகிறது. புயல் ஓரிரவில் செய்ததை உப்பு நிதானமாக முடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த இரவில் பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பயணிகள் வண்டி, தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். ஊர் குடியிருக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. பாலத்தை 46 நாளில் மீட்டவர்கள் இந்தப் பாதையை மறுபடியும் போடவில்லை. கப்பல் துறை இராமேசுவரத்துக்கு மாறியது; 1980களில் இலங்கையில் போர் மூண்டபோது அந்தக் கப்பலும் நின்றுவிட்டது.

நிலையத்திலிருந்து அரிச்சல்முனைவரை இன்னும் சில கிலோமீட்டர். அட்டையின் தட்டலை எண்ணிக்கொண்டே போங்கள். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது அங்கே விதி. திரும்பும் வழியில் மீனவர் குடிசைகளில் தண்ணீர் கேட்டு நிற்கும்போது, புயலுக்கு முந்திய ஊரை அறிந்த பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அன்று பத்து வயதாயிருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கப்பல் எங்கே நின்றது, தண்டவாளம் எந்தப் பக்கம் வளைந்தது என்று அவர்கள் கைகாட்டும் இடத்துக்கு, நிலையச் சுவரிலிருந்து சக்கரம் எத்தனை சுற்று என்று உருட்டி அளந்து, அவர்கள் எதிரிலேயே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.