பரணில் ஏறும் முன்

போகிக்கு முந்தைய நாட்களிலும், நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைகளை இறக்கும் வேளையிலும், கோடை விடுமுறையில் வீட்டைச் சீர்செய்யும்போதும், பரணில் ஏறிக் காயமுற்றவர்களை மருத்துவர்களாகிய நாங்கள் காண்கிறோம். அவர்களுள் முதியவர்களும், வேறொரு நோய்க்குச் சிகிச்சை பெற்று வீட்டில் ஓய்வில் இருப்பவர்களும் உண்டு. ஓய்வில் இருப்பவருக்கு நேரம் கிடைக்கிறது. நெடுநாளாகத் தள்ளிப்போட்ட வேலை நினைவுக்கு வருகிறது. ஆகவே இக்கட்டுரையை நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

பரண் பல வகைப்படும். அறைச் சுவரை ஒட்டிய சிமெண்ட் பரண், ஓட்டு வீட்டின் மரமச்சு, பொய்க்கூரைக்கு மேலுள்ள இடுக்கு, தகரக் கூரைக்குக் கீழே பலகை பரப்பிய இடம் என வடிவம் மாறினாலும் இயல்பு ஒன்றே. அங்கு நிமிர்ந்து நிற்க இயலாது. காற்றோட்டமும் வெளிச்சமும் குறைவு. இறங்குவதற்கு வழி ஒன்றுதான்.

வீழ்ச்சி

முக்காலியின் மேல் ஸ்டூலை வைத்து ஏறுவது, ஒரு கையால் அண்டாவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஏணியைப் பற்றுவது ஆகியவை வீழ்ச்சிக்கு வழிவகுப்பவை. இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர் நெடுநேரம் குனிந்திருந்துவிட்டுத் திடீரென எழும்போது அழுத்தம் குறைந்து தலைசுற்றக்கூடும். நீரிழிவு நோயாளி உணவைத் தள்ளிப்போட்டு வேலையைத் தொடர்ந்தால், சர்க்கரை குறைந்து மயக்கம் வரலாம்.

வார்ஃபரின் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளையோ, குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் ஆகியவற்றையோ உட்கொள்பவர்கள் தலையில் பட்ட சிறு அடியையும் பொருட்படுத்த வேண்டும். வெளியே காயம் இல்லாமலேயே மண்டையோட்டுக்குள் இரத்தம் மெல்லக் கசியலாம். அடிபட்ட அன்று நன்றாகப் பேசியவர், சில நாட்களோ வாரங்களோ கழித்துத் தலைவலி, தூக்கக்கலக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றுடன் வரக்கூடும். முதியவரிடம் காணும் இம்மாற்றத்தை வயதின் தளர்ச்சி என்று குடும்பத்தினர் கருதிவிடக் கூடாது. இம்மருந்துகளை உட்கொள்பவர் தலையில் அடிபட்டால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். அதே வேளையில், மருத்துவரைக் கேளாமல் மருந்தைத் தாமாகவே நிறுத்தவும் கூடாது.

வெப்பம்

வெயில் ஏறிய பின் கூரையின் அடிப்பகுதி, கீழேயுள்ள அறையைவிடக் கடுமையாகச் சூடேறிவிடுகிறது. காற்று அசையாத இடத்தில் வியர்வை உலர்வதில்லை. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி அடைபடுகிறது. நீர் பிரியச் செய்யும் மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இந்நிலை விரைவில் வரும். தசைப்பிடிப்பு, குமட்டல், தலைவலி ஆகியவை முதல் எச்சரிக்கைகள். உடல் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டி, பேச்சிலோ நடத்தையிலோ குழப்பம் தோன்றினால் அது வெப்ப வாதம். உயிருக்கு ஆபத்தான நிலை. அவரை நிழலுக்குக் கொண்டுவந்து, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிற வேண்டும். 108 எண்ணுக்கு அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய் வழியே எதையும் புகட்டக் கூடாது.

தூசியும் எச்சங்களும்

ஆண்டுக்கணக்கில் படிந்த தூசியை உலர்ந்த துடைப்பத்தால் கிளறினால் ஆஸ்துமா தூண்டப்படும். புறா எச்சத்தின் தூசியை மீண்டும் மீண்டும் சுவாசிக்கும் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி உண்டாகி, வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் நிலைத்துவிடுவதுண்டு. எலிச் சிறுநீர் பட்ட ஈரமான இடங்களிலிருந்து, தோலில் உள்ள கீறல் வழியே எலிக்காய்ச்சல் தொற்றலாம். பரணைத் துப்புரவு செய்த ஓரிரு வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை தோன்றினால், அந்த வேலையைச் செய்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயைக் கண்டறிய அச்செய்தி பெரிதும் உதவும்.

கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை வீட்டில் துளையிடவோ அறுக்கவோ வேண்டாம். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிவிடும். அவற்றால் விளையும் புற்றுநோய் இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தோன்றக்கூடும்.

கடியும் மின்சாரமும்

பழைய துணி மூட்டைகளுக்கிடையே தேளும், சில நேரங்களில் பாம்பும் இருக்கலாம். கடித்தால் கயிற்றால் இறுகக் கட்டுவதும், கீறி இரத்தம் எடுப்பதும் தீங்கே விளைவிக்கும். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். எலி கடித்த மின்கம்பி உலோகப் பாத்திரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கவும் கூடும். ஒருவரை மின்சாரம் தாக்கினால் முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகே அவரைத் தொட வேண்டும். அவர் உடனே தெளிந்துவிட்டாலும், இதயத் துடிப்பைச் சோதிக்க ஈ.சி.ஜி. எடுப்பது நல்லது.

யார் ஏறக் கூடாது?

அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், மாரடைப்பிலிருந்து தேறி வருபவர்கள், அடிக்கடித் தலைசுற்றல் உள்ளவர்கள், வலிப்பு நோயாளிகள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் பரணில் ஏறவே கூடாது. கண்புரை அறுவை செய்தவர்களும் மருத்துவர் அனுமதிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

மற்றவர்கள் ஏறும்போது கவனிக்க வேண்டியவை:

- அதிகாலையில் ஏறுங்கள். சிறிது நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நீர் அருந்துங்கள்.
- உறுதியான ஏணியைப் பயன்படுத்துங்கள்; அதைக் கீழே ஒருவர் பிடித்திருக்கட்டும்.
- என்.95 முகக்கவசம், கையுறை, மூடிய காலணி அணியுங்கள். தூசியின் மேல் நீர் தெளித்து, ஈரத்துணியால் துடையுங்கள். நீர் தெளிக்கும் முன் அப்பகுதியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டார்ச் விளக்கைக் கொண்டு வேலை செய்யுங்கள்.
- கீழே நிற்பவர் அவ்வப்போது பேச்சுக் கொடுங்கள். மேலிருந்து மறுமொழி வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ வேலையை உடனே நிறுத்துங்கள்.

கூலிக்கு வந்து பரணில் வேலை செய்பவருக்கும் இவை அனைத்தும் பொருந்தும். அவருக்கும் குடிநீரும் ஓய்வும் அளிப்பது வீட்டாரின் கடமை.

நோயுற்றவருக்கு வேலை செய்ய விருப்பம் திரும்புவது நலத்தின் அறிகுறியே. அவரைத் தடுத்து உட்கார வைப்பதைவிட, பரணிலிருந்து இறக்கியவற்றைத் தரையில் பிரித்து அடுக்கும் பணியை அவரிடம் கொடுங்கள். எப்போது ஏணியில் ஏறலாம் என்பதை அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் கேளுங்கள். வரும்போது மருந்துச் சீட்டையும் தவறாமல் கொண்டு வாருங்கள்.