கர்ணம் வீட்டுக் கணக்கு

1980 வரை தமிழகக் கிராமங்களில் நிலத்தின் கணக்கு கர்ணத்தின் பொறுப்பில் இருந்தது. பல ஊர்களில் அவர் வீட்டிலேயே இருந்தது. தன் காணி யார் பெயரில் ஏறியிருக்கிறது என்று அறிய விரும்பிய உழவர் அவர் திண்ணையில் காத்துக் கிடந்தார். சிட்டாவையும் அடங்கலையும் எடுத்துக் காட்ட அவர் மனம்வைக்க வேண்டும். அறுவடை முடிந்தால் களத்திலிருந்து அந்த வீட்டுக்கு நெல் போகும். அதை மாமூல் என்றார்கள். யாரும் குற்றமாக நினைக்கவில்லை.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. 1982-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பின்னர் கணினி வந்தது. இன்று மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டாதாரர் பெயரும் பரப்பும் தீர்வையும் கைப்பேசித் திரையில் தெரிகின்றன. பதிவேட்டைப் பார்ப்பதற்கே காசு கொடுத்த காலம் போய்விட்டது. முழுப் புலமும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும்போது, பத்திரம் பதிவானதும் பட்டாவும் தானாக மாற வழி வந்திருக்கிறது. எந்த மேசைக்கும் போகாத மனுவுக்கு எவரும் விலை பேச முடியாது.

ஆனால் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் உட்பிரிவு செய்ய வேண்டும். சர்வேயர் வந்து கல் பார்த்து அளக்க வேண்டும். அவர் அறிக்கை மேலே போக வேண்டும். இ-சேவை மையத்தில் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு கிடைக்கிறது. மனு யாரிடம் நிற்கிறது என்பது தெரிகிறது. ஏன் நிற்கிறது என்பது தெரிவதில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார். அன்று நெல்லாகப் போனது இன்று ஆயிரங்களாகப் போகிறது. லஞ்ச ஒழிப்புத் துறையினர் பினாப்தலீன் பொடி தடவிய நோட்டுகளைக் கொடுத்தனுப்புகிறார்கள். வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்ததும் நீர் இளஞ்சிவப்பாக மாறுகிறது. உட்பிரிவுக்குப் பணம் வாங்கிப் பிடிபட்டவர்களைப் பற்றிய செய்திகள் இன்றும் நாளிதழ்களில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இந்த நோயை நாடு முன்பே கண்டறிந்துவிட்டது. கே. சந்தானம் தலைமையில் 1962-இல் அமைந்த குழு, தாமதத்துக்கு அஞ்சியே மக்கள் பணம் கொடுக்கிறார்கள் என்பதைச் சுட்டிக்காட்டியது. சலுகை கேட்பவர் மட்டுமல்ல, நியாயமான வேலைக்கு வந்தவரும் கொடுக்கிறார். 1964-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமும், தமிழகத்தில் லஞ்ச ஒழிப்புத் துறையும் தோன்றின. கையூட்டு வாங்கியவரைப் பிடிக்கும் ஏற்பாடு வளர்ந்த அளவுக்குத் தாமதத்தைத் தண்டிக்கும் ஏற்பாடு வளரவில்லை.

கொடுப்பவர் நிலையும் மாறியிருக்கிறது. 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தில், லஞ்சம் கொடுத்ததை வாக்குமூலத்தில் சொன்னவருக்கு அதற்காக வழக்கு வராது என்ற பாதுகாப்பு இருந்தது. 2018 திருத்தம் அதை நீக்கியது. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். வேலை முடியும்வரை வாய் திறக்க அஞ்சும் ஏழைக்கு அந்த ஒரு வாரம் போதாது.

1923-ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டத்தின் நிழலில் பழகிய அலுவலகங்களிடம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 2005 முதல் 10 ரூபாய் கட்டிக் கேள்வி கேட்கலாம்; 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். இது பெரிய ஆதாயம். இழந்ததும் உண்டு. அன்று, ஊரில் எவர் வரப்பு எங்கே என்று அறிந்த கர்ணத்திடம் நேரில் போய் முறையிட முடிந்தது; கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தியில் அவர் கணக்கை மேலதிகாரி முன் கேள்வி கேட்க முடிந்தது. ஜமாபந்தி இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் மனு வாங்கும் நாளாகிவிட்டது.

மத்தியப் பிரதேசம் 2010-இல் இயற்றிய சட்டம், அரசுச் சேவைக்கான காலக்கெடு தாண்டினால் பொறுப்பான அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம் என்கிறது. தொகை சிறிதுதான்; ஆனால் தாமதத்துக்கு ஒரு பெயரும் ஒரு விலையும் வந்துவிடுகின்றன. நம் தாலுகா அலுவலகங்களுக்கும் அந்தக் கணக்கு வேண்டும். பட்டாவைத் திரையில் காட்டத் தெரிந்த அரசுக்கு, மனு நிற்கும் காரணத்தையும் காட்டத் தெரியும்.