பழைய ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸ்: பழுதறியும் முறை

பூதப்பாண்டியிலிருந்து கீரிப்பாறை மலைப்பாதையில் சுமை ஏற்றிச் செல்லச் சங்கக் கடனில் பழைய ஜீப் வாங்கும் அங்கத்தினர்கள், முதலில் அதன் டிரான்ஸ்பர் கேஸைச் சோதித்தல் அவசியம். எஞ்சினின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் பெட்டி இதுவே. 1941 முதல் வில்லிஸ் ஜீப்புகளில் அமைந்த ஸ்பைசர் 18 பெட்டியில் விசை எப்போதும் நடுப் பல்சக்கரத்தின் வழியே செல்லும். ஆதலால் அதன் ஷாப்டும் பேரிங்குகளும் விரைவில் தேயும்.

வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கிளச்சை விட்டு எஞ்சினை ஓட்டுக. அப்போதே இரைச்சல் கேட்டால் குற்றம் கியர் பெட்டியின் பக்கம் உள்ளது. வண்டி ஓடும்போது மட்டும் கேட்டால் டிரான்ஸ்பர் கேஸையோ ஆக்சிலையோ சந்தேகிக்க வேண்டும்.

லீவர் தானே நழுவினால், அதைப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பல் தேய்ந்திருக்கலாம். இறக்கத்தில் இவ்வாறு நேர்ந்தால் எஞ்சினின் தடுப்பு அற்றுப்போகும். உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர விசையுடன் ஓட்டியபின் லீவர் இறுகுவதோ பழுதன்று. வண்டியைச் சற்றுப் பின்னோக்கி ஓட்டினால் இளகும்.

எண்ணெய்க் கசிவே பெரிய அபாயம். இப்பெட்டியுள்ள பழைய வில்லிஸ் வண்டிகளில் கைப்பிரேக் டிரம் பெட்டியின் பின்புறத்திலேயே உள்ளது. அங்குள்ள ஆயில் சீல் கெட்டால் எண்ணெய் பிரேக்கை நனைக்கும். மேட்டில் நிறுத்திய வண்டி உருண்டோடும். ஆகவே தரையில் எண்ணெய்த் துளி கண்டவுடன் சீலை மாற்றுக. அதன் பின்னரே சுமை ஏற்றுக.