பாலாங் கணவாயில் மண்டியிட்டவர்கள்

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், செங்டு நகரிலிருந்து மேற்கே மலையேறும் சாலையில், ஜூன் கடைசியில் ஒரு தனி வகைப் பயணிகளைப் பார்க்கலாம். பாலாங் கணவாய்க்குச் சற்றுக் கீழே, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வேன் நிற்கும். பத்துப் பன்னிரண்டு பேர் இறங்குவார்கள். பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். இறங்கியதும் மண்டியிடுவார்கள், சிலர் ஈரப் புல்லில் குப்புறப் படுத்துவிடுவார்கள். கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு விரற்கடை உயரமே உள்ள செடியின் இதழுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். கணவாயின் மேற்குப் பக்கத்தில் 6,250 மீட்டர் உயரச் சிகூனியாங் சிகரம் மேகம் விலகித் தெரியும்போதும் நிமிர்ந்து பார்க்காமல் பூவோடு இருப்பவர்கள் உண்டு. ஒரு மணி நேரத்தில் இந்தக் குழு நூறு மீட்டர் நகர்ந்தால் அதிகம்.

உயர்மலைப் பூக்களைப் பார்ப்பதற்கென்றே ஆசியாவின் குறுக்கே பயணம் செய்து வருகிறவர்கள் இவர்கள். பிரிட்டனில் 1929-ல் தொடங்கப்பட்ட ஆல்பைன் கார்டன் சொசைட்டி போன்ற மன்றங்களின் உறுப்பினர்கள், ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்கள், வீட்டுத் தோட்டத்தில் கல்பாத்தி கட்டி மலைச்செடி வளர்ப்பவர்கள். இப்போது சீன நகரங்களிலிருந்தும் கேமராவோடு இளைஞர்கள் வருகிறார்கள்.

இவர்கள் இங்கே வருவதற்குக் காரணம் இருக்கிறது. மேற்குச் சிச்சுவான், வடமேற்கு யுன்னான், கிழக்குத் திபெத் மூன்றையும் தழுவிக் கிடக்கும் ஹெங்துவான் மலைத்தொகுதியில் ஏறத்தாழ 12,000 வகைத் தாவரங்கள் இருக்கின்றன. மிதவெப்ப உலகில் இவ்வளவு வளம் செறிந்த இன்னொரு மலைநாட்டைக் காட்டுவது கடினம். இமயம் கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஹெங்துவான் மலைகளோ வடக்குத் தெற்காக ஓடுகின்றன. அவற்றின் இடையே யாங்சி, மீகாங், சால்வீன் ஆறுகள் ஆழமான பள்ளத்தாக்குகளை அறுத்துக்கொண்டு இறங்குகின்றன. பனியுகம் வந்தபோது செடிகள் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே நகர்ந்தன. வெப்பம் திரும்பியதும் வடக்கேயும் மேலேயும் ஏறின. ஒரு முகட்டில் ஒதுங்கிய செடிக்கும் அடுத்த முகட்டில் ஒதுங்கிய அதன் உறவுக்கும் நடுவே பல ஆயிரம் அடிப் பள்ளம். பிரிந்தவை வேறுவேறு இனங்களாயின. இந்த மலைகள் உயர்ந்த கடந்த 80 லட்சம் ஆண்டுகளில் இங்கே புதிய இனங்கள் தோன்றும் வேகம் கூடியது என்று 2017-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது.

செங்டு கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டர் உயரம்தான். பாலாங் கணவாய் ஏறத்தாழ 4,480 மீட்டர். இடையில் உள்ள தூரத்தை ஒரே பகலில் காரில் கடந்துவிடலாம். ஆனால் கடக்கக் கூடாது. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது விழுக்காட்டைத் தொடாது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும் உயரநோய், நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்தால் உயிரை வாங்கும். அதற்கு உறுதியான மருந்து கீழே இறங்குவதுதான். பொறுப்பான வழிகாட்டி, பாண்டா காப்பகம் இருக்கும் வோலோங்கில் குழுவைத் தங்க வைத்து, பகலில் மேலே கூட்டிப் போய், இரவில் தாழ இறக்குவார். பாட்டிலில் அடைத்த ஆக்சிஜனை வழிக்கடைகளில் விற்கிறார்கள். அதை நம்பிக்கொண்டு அவசரமாக ஏறுவது ஆபத்து.

மெதுவாக ஏறுவதில் இன்னொரு லாபமும் உண்டு. மலை தன் அடுக்குகளை ஒவ்வொன்றாகக் காட்டும். முதலில் மூங்கிலும் அகன்ற இலைக் காடும், பிறகு ஃபிர் மரங்கள், அதற்கும் மேலே ரோடோடெண்ட்ரான் புதர்கள். சீனாவில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோடோடெண்ட்ரான் இனங்கள் உண்டு. நம் நீலகிரிச் சோலைகளின் விளிம்பில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசும் இந்த வம்சம்தான்; இமயத்திலிருந்து வெகுதூரம் விலகித் தெற்கே தங்கிவிட்ட கிளை அது. ரோடோடெண்ட்ரான் முடிந்ததும் புல்வெளி. புல்வெளியும் முடிந்தால் வெறும் சரளை.

கணவாயின் அடியே இப்போது நீளமான சுரங்கப்பாதை இருக்கிறது. அவசரக்காரர்கள் அதில் நுழைந்து மறுபுறம் போய்விடுகிறார்கள். பூப்பயணக் குழுக்கள் பழைய சாலையைத்தான் கேட்டு வாங்கும்.

புல்வெளியில் முதலில் கண்ணில் படுவது மஞ்சள் பாப்பி. மெகனாப்சிஸ் என்ற இந்தப் பேரினம் நம் சமையலறைக் கசகசாவுக்கு உறவு. மெகனாப்சிஸ் இன்டெக்ரிஃபோலியாவின் பூ உள்ளங்கை அகலம் இருக்கும். மூடுபனியில் தூரத்திலிருந்து பார்த்தாலே சரிவு முழுக்கத் தனித்தனியாகத் தெரியும். தேன் கிடையாது, மகரந்தமே கூலி. அதைத் தின்ன ஈக்கள் வரும். இந்த உயரத்துக் குளிரிலும் மழையிலும் வேறு பூச்சிகளை விட ஈக்களே வேலைக்கு உதவுகின்றன. இதன் சிவப்பு உறவினர் மெகனாப்சிஸ் புனீசியா இதழ்களை விரிப்பதே இல்லை. காற்றில்லாத நாளில் கொடியில் காயப்போட்ட பட்டுத் துணிபோல அவை நேராகத் தொங்கும். சரிவின் இன்னொரு மூலையில் முள்ளடர்ந்த தண்டோடு கருநீலமாக நிற்பது மெகனாப்சிஸ் பாலாங்கென்சிஸ். இந்தக் கணவாயின் பெயரையே தாங்கியிருக்கும் அதைத் தனி இனம் என்று முறைப்படி அறிவித்தது 2011-ல்தான். நூறாண்டுகளுக்கு மேலாகத் தாவர வேட்டைக்காரர்கள் போய்வந்த சாலையோரத்தில் இன்னும் பெயரிடப்படாத பூ இருந்திருக்கிறது என்பதை நினைத்தால், வேன் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் குழு ஏன் அவ்வளவு நேரம் எடுக்கிறது என்று புரிகிறது.

பாப்பிக்குக் கூட்டம் கூடும். எனக்கென்னவோ பெடிகுலாரிஸ்தான் இந்தப் புல்வெளியின் உண்மையான அதிசயம். சீனாவில் 350-க்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றில் பெரும்பகுதி இந்த மலைகளில்தான். பச்சை இலை இருந்தும், மண்ணுக்கடியில் பக்கத்துப் புல்லின் வேரைப் பற்றி உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி. பூவின் மேலிதழ் ஒரு இனத்தில் கொக்கி, இன்னொன்றில் யானைத் துதிக்கை, மற்றொன்றில் சுருண்ட அலகு. ஒரே புல்வெளியில் நாலைந்து இனங்கள் ஒன்றாகப் பூக்கும். எல்லாவற்றுக்கும் பம்பிள்பீ என்ற பருத்த தேனீதான் வாகனம். அலகு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அதைப் பொறுத்து ஒவ்வொரு இனமும் தேனீயின் உடம்பில் வேறுவேறு இடத்தில் மகரந்தத்தைப் பூசி அனுப்புகிறது. ஒன்றின் மகரந்தம் மற்றொன்றில் போய் வீணாவது அதனால் குறைகிறது. குப்புறப் படுத்துப் பார்க்கிறவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள்.

இந்தச் சாலைக்கு ஒரு பழைய கதை உண்டு. எர்னஸ்ட் ஹென்றி வில்சன் என்ற ஆங்கிலேயரை வீச் என்ற லண்டன் செடி வணிக நிறுவனம் சீனாவுக்கு இரண்டு முறை அனுப்பியது. இரண்டாவது பயணத்தின் முக்கிய இலக்கு இந்த மஞ்சள் பாப்பியின் விதை. 1903 கோடையில் மேற்குச் சிச்சுவானின் காங்டிங் ஊருக்கு மேலே அதைக் கண்டுபிடித்தார். ஊர் திரும்பியபோது முதலாளி அந்தப் பூவின் வடிவில் வைரம் பதித்த தங்க ஊசி ஒன்றைப் பரிசளித்தார். 1908-ல் அமெரிக்காவின் ஆர்னால்ட் மரத்தோட்டத்துக்காக வந்தபோது வில்சன் இதே பாலாங் கணவாயைக் கடந்து டான்பா நோக்கிப் போனார். 1910-ல் மின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ரீகல் லில்லிக் கிழங்குகளைச் சேகரித்துத் திரும்பும்போது கற்கள் சரிந்து காலை நொறுக்கின. ஒற்றையடிப் பாதையில் அவர் கிடக்க, எதிரே வந்த கோவேறுக் கழுதைக் கூட்டம் அவரைத் தாண்டித் தாண்டி நடந்தது. கேமராவின் முக்காலியை உடைந்த காலுக்குக் கட்டையாக வைத்துக் கட்டினார்கள். கடைசிவரை நொண்டியே நடந்தார். லில்லி மட்டும் மேற்கத்தியத் தோட்டங்களில் நிலைத்துவிட்டது.

வில்சன், ஜார்ஜ் ஃபாரஸ்ட், ஃபிராங்க் கிங்டன் வார்டு என்று இந்தத் திசையில் வந்த வேட்டைக்காரர்களின் துணிச்சலைப் பயண நூல்கள் விரிவாகப் புகழ்கின்றன. சுமை தூக்கியவர்கள், வழி காட்டியவர்கள், விதை முற்றும்வரை மலையில் காத்திருந்து சேகரித்துக் கொடுத்த உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் பெயரில்லாமலே போனார்கள். இன்றைய குழுக்கள் அந்த வேட்டைக்காரர்கள் நடந்த வழியிலேயே போகின்றன. வேறுபாடு ஒன்றுதான், எதையும் எடுத்துக்கொண்டு திரும்ப முடியாது. அனுமதியில்லாமல் ஒரு விதையைக்கூட நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. இது நல்ல மாற்றம்.

கணவாயின் உச்சியை ஒட்டிச் சரளைச் சரிவு தொடங்குகிறது. கால் வைத்தால் நழுவும் தட்டைக் கற்கள். ஜூலையிலும் இரவில் உறைபனி, நண்பகலில் சுடும் புறஊதா வெயில், திடீரென்று ஆலங்கட்டி. முதல் பார்வைக்கு இங்கே எதுவும் இல்லை. ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால், கல்லென்று நினைத்தவற்றில் பாதி செடி என்று தெரியவரும். பஞ்சுபோன்ற மயிரால் உடம்பைப் போர்த்திக்கொண்ட பனித்தாமரை. கல்லோடு கல்லாக இறுகி, உள்ளே வெளிக்காற்றை விடச் சற்று வெதுவெதுப்பை வைத்திருக்கும் மெத்தைச் செடிகள். காங்டிங் பக்கத்து ஈரப் புல்வெளிகளில் இன்னொரு உத்தி: நாட்டு மருந்துக் கடையில் விற்கும் ரேவல்சின்னியின் உறவான ரியம் அலெக்சாண்ட்ரே, மங்கிய மஞ்சள் நிறத்தில் ஒளி ஊடுருவும் மடல்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அவற்றுக்குள் பூக்களை ஒளித்து வைத்திருக்கும். மழையில் மகரந்தம் நனையாமல் அவை காக்கின்றன.

சரளைச் செடிகளில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஃப்ரிடில்லேரியா டெலவாயி. சீன மருத்துவத்தில் இருமலுக்குத் தரும் பெய்மூ இதன் சின்னஞ்சிறு கிழங்கு. இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த வகைக் கிழங்குகளைத் தோண்டி வருகிறார்கள். செடி முதல் முறை பூக்கவே ஐந்தாண்டு ஆகும். ஒரு கிலோ கிழங்கு சேர 3,500-க்கும் மேற்பட்ட செடிகளைப் பிடுங்க வேண்டும். குன்மிங் தாவரவியல் நிறுவனத்தின் நியு யாங்கும் பிரிட்டனின் எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதன் நிறத்தைப் பல இடங்களில் அளந்தார்கள். எளிதில் தோண்ட முடியாத இடங்களில் செடி பளிச்சென்ற பச்சை. மனிதர்கள் அதிகம் தோண்டிய இடங்களில் இலை, தண்டு, பூ எல்லாமே பழுப்பாகவும் சாம்பலாகவும், பின்னாலுள்ள கல்லின் நிறத்துக்கு மாறியிருந்தன. செடியைக் கடித்துத் தின்னும் விலங்கின் தடயம் எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. திரையில் படம் காட்டிச் செடியைக் கண்டுபிடிக்கச் சொன்னபோது, சாம்பல் செடிகளைக் கண்டுபிடிக்க ஆட்களுக்கு அதிக நேரம் ஆனது. 2020-ல் வெளியான இந்த ஆய்வின் முடிவு நேரானது: பச்சையாகத் தெரிந்தவற்றைக் கை பிடுங்கியது, தெரியாதவை விதை விட்டன. மனிதக் கண்ணிடமிருந்து தப்பிக்க ஒரு செடி நிறம் மாறியிருக்கிறது.

பனித்தாமரையையும் மனிதக் கை இப்படி மாற்றியிருக்கிறது. சாசூரியா லானிசெப்ஸ் என்ற பனித்தாமரை இனம் பல ஆண்டு வளர்ந்து, ஒரே முறை பூத்துச் செத்துவிடும். மருந்துக்கு அதைப் பூத்திருக்கும்போது, அதுவும் உயரமானதாகப் பார்த்துப் பறிப்பார்கள். பழைய உலர் மாதிரிகளோடு ஒப்பிட்டு 2005-ல் வந்த ஆய்வு, நூறாண்டுகளில் செடி குட்டையாகிவிட்டது என்று காட்டியது. யுன்னானின் காவாகெபோ மலையைச் சுற்றித் திபெத்தியர் புனிதமாகக் கருதிக் கை வைக்காத பகுதிகளில் அது இன்னும் உயரமாக வளர்கிறது. சந்தையில் அவ்வளவு மதிப்பில்லாத அதன் உறவினச் செடி குட்டையாகவில்லை.

தோண்டுகிறவர்களை நோக்கி விரல் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. யாக் மேய்த்துக் குளிர்காலத்தைக் கடத்தும் குடும்பத்துக்குக் கோடையில் கிடைக்கும் கிழங்கும், மருந்துக்கு விற்கும் பூஞ்சைப் புழுவும்தான் கையில் புழங்கும் ரொக்கம், பிள்ளைகளின் படிப்பு. 2021-ல் சீனா திருத்தி வெளியிட்ட பாதுகாக்கப்பட்ட காட்டுத் தாவரப் பட்டியலில் ஃப்ரிடில்லேரியா இனங்கள் அனைத்தும் இருக்கின்றன. சிவப்பு பாப்பியும் இருக்கிறது. சட்டம் தேவைதான். மலையில் வாழ்கிறவருக்கு மாற்று வருமானமும் அதே அளவுக்குத் தேவை. அங்கேதான் பூப்பயணங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நம்புகிறேன். பணம் செங்டுவிலேயே தங்கிவிடாமல், ரிலோங், தாகோங் போன்ற மலையூர்களில் உள்ளூர்த் திபெத்தியக் குடும்பங்கள் நடத்தும் விடுதியில் பயணிகள் தங்க வேண்டும். எந்தச் சரிவில் எது எப்போது பூக்கும் என்று அறிந்த மேய்ப்பரை நாட்கூலி கொடுத்து வழிகாட்டியாக அழைக்க வேண்டும். செடியைத் தோண்டத் தெரிந்தவரைவிட அதைக் காட்டத் தெரிந்தவர் யார்?

குழு செய்யும் கேடும் சிறியதல்ல. பன்னிரண்டு பேர் ஒரே பூவைப் படம் எடுக்கச் சுற்றி மண்டியிட்டால், முழங்காலுக்கடியில் பெயர் தெரியாத பத்து நாற்றுகள் நசுங்கும். மெத்தைச் செடி ஒரு சாண் அகலம் பரவப் பல பத்தாண்டுகள் ஆகும். பூட்ஸ் காலின் ஒரு மிதி போதும். நல்ல குழுத் தலைவர்கள் கல்லின்மேல் மட்டும் கால் வைக்கச் சொல்வார்கள், ஒருவர் பின் ஒருவராக அனுப்புவார்கள். கேமராவும் கைபேசியும் படத்தோடு சேர்த்துப் பதியும் இடக்குறிப்பு இன்னொரு அபாயம். ஃப்ரிடில்லேரியா, ஆர்க்கிட், பனித்தாமரைப் படங்களைப் பகிருமுன் அதை அழித்துவிட வேண்டும். கணவாயின் பெயர் போதும், வளைவின் எண் வேண்டாம்.

போக நினைப்பவர்களுக்கு: மஞ்சள் பாப்பிக்கு ஜூன் நடுப்பகுதி முதல், சிவப்புக்கும் நீலத்துக்கும் ஜூலை. இரண்டுமே மழைக்காலம். குடையைக் காற்று பறித்துவிடும், மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு ஒரு மெல்லிய மெத்தைத் துண்டு வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று கட்டாயம். உயரநோய் மாத்திரை பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பனித்தாமரையைப் பூவோடு பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் வரை பொறுத்து, சரளைச் சரிவில் மூச்சிரைக்க ஏறியாக வேண்டும். அதற்கு வேன் போகும் சாலை கிடையாது.