குத்தகை முறிந்தால் தடையுத்தரவு கிடைக்குமா?

பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைப் பழக்குலை ஏற்றும் லாரிக் குத்தகையை ஒருவர் மூன்று ஆண்டுக்கு எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குத்தகையை நம்பி வங்கிக் கடனில் இரண்டு லாரி வாங்கிவிட்டார். ஓராண்டு முடிவதற்குள் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வருகிறது. அடுத்த மாதத்திலிருந்து வேறு ஒருவர் லாரி ஓட்டுவார் என்கிறது கடிதம். இப்படிச் சிக்கிக்கொள்பவர் வழக்கறிஞரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இன்ஜங்ஷன் போட்டு அவர்களை நிறுத்த முடியாதா?"

இந்த உதாரணத்தில் பெரும்பாலும் முடியாது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் வீண் செலவு மிச்சமாகும்.

தடையுத்தரவு என்பது ஒரு செயலைச் செய்யாதே என்று, சில வேளை செய் என்று, நீதிமன்றம் இடும் கட்டளை. மலேசியாவில் இதற்கு அடிப்படை 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டம். இந்தியாவில் வெள்ளையர் காலத்தில் 1877இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியில் வந்தது அது. பணத்தால் ஈடுகட்டக்கூடிய நட்டத்திற்கு நீதிமன்றம் கட்டாயப்படுத்தி ஒப்பந்தத்தை நிறைவேற்ற வைக்காது என்கிறது அதன் 20ஆவது பிரிவு. அப்படிக் கட்டாயப்படுத்த முடியாத ஒப்பந்தம் மீறப்படுவதைத் தடுக்க, பொதுவாகத் தடையுத்தரவும் கொடுக்க முடியாது என்கிறது 54ஆவது பிரிவு. லாரிக் குத்தகையில் டன்னுக்கு எவ்வளவு, மாதத்திற்கு எத்தனை டன், மீதி எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆகவே நீதிமன்றம் இழப்பீடு கேட்டு வழக்குப் போடச் சொல்லும். குறிப்பிட்ட நாள் முன்னறிவிப்போடு எந்தத் தரப்பும் விலகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் நிலைமை இன்னும் கடினம். கையெழுத்துப் போடும்போது அந்த வரியைப் படிப்பவர்கள் குறைவு.

அதே குத்தகையாளரின் லாரிகளைத் தோட்டத்து வாசலுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு விடமாட்டோம் என்று சொன்னால் கதை வேறு. அல்லது ஒருவர் குத்தகைக்கு எடுத்து விளைவித்த நிலத்தில் அறுவடைக்குப் போகும் வழியை இன்னொருவர் அடைத்துவிட்டால்? வெட்டிய பழக்குலை ஆலைக்கு 24 மணி நேரத்திற்குள் போய்ச் சேர வேண்டும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். வழக்கு முடியும் வரை காத்திருந்தால் காக்க ஒன்றும் மிஞ்சாது. இடைக்காலத் தடையுத்தரவு இப்படிப்பட்ட இடத்திற்குத்தான்.

இடைக்காலத் தடை கேட்டு வருபவரிடம் நீதிபதி எதைப் பார்க்கிறார்? மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995இல் கீட் ஜெரால்ட் வழக்கில் இதை வகுத்துக் கொடுத்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் காலஞ்சென்ற நீதிபதி கோபால் ஸ்ரீராம். விசாரிக்கத் தகுந்த உண்மையான பிரச்சினை இருக்கிறதா என்பது முதலில். அடுத்தது, தடை கொடுத்தால் எதிராளிக்கு வரும் பாதிப்பா, கொடுக்காவிட்டால் கேட்பவருக்கு வரும் பாதிப்பா, எது பெரியது, நியாயம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. முழு வழக்கையும் அந்தக் கட்டத்திலேயே நிரூபிக்கத் தேவையில்லை.

கடைத்தெரு விவகாரங்களில் இன்னொரு குழப்பம் உண்டு. தஞ்சோங் காராங்கிலோ கோல சிலாங்கூரிலோ முடிதிருத்தும் கடை, சாப்பாட்டுக் கடை, கார் பழுதுபார்க்கும் கடை நடத்துபவர்கள், "வேலையை விட்டுப் போனால் இந்த வட்டாரத்தில் இரண்டு ஆண்டுக்குக் கடை திறக்கக் கூடாது" என்று வேலையாளிடம் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தாளை வைத்துத் தடையுத்தரவு வாங்க முடியாது. பிழைப்பைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு. 1964இல் கோத்தா பாரு வழக்கறிஞர் ஒருவரை, வேலையிலிருந்து விலகிய பின் ஐந்து மைல் சுற்றளவுக்குள் தொழில் செய்யாமல் தடுக்க முயன்ற வழக்கும் இந்தக் காரணத்தால்தான் தோற்றது. இந்தப் பிரிவின் மூலம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு. அங்கே 1874இலேயே கல்கத்தாவில் இரண்டு கடைக்காரர்களின் வழக்கு வந்தது. ஒரே வட்டாரத்தில் போட்டியாக இருந்த கடையை மூடினால் பணம் தருவதாக ஒருவர் சொன்னார். மற்றவர் மூடினார், பணம் வரவில்லை. வழக்குப் போட்டும் கிடைக்கவில்லை. அந்த உடன்பாடே செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விதிவிலக்கு உண்டு. கடையை அதன் நற்பெயரோடு விற்றவர், நியாயமான எல்லைக்குள் போட்டிக் கடை போடமாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் அது செல்லும். பிரியும் பங்குதாரர்களுக்கும் அதே போல. வேலையாள் முதலாளியின் வாடிக்கையாளர் பட்டியலையும் விலைக் கணக்கையும் நகல் எடுத்துக்கொண்டு போனால், அந்த இரகசியத்தைப் பயன்படுத்தாதபடி தடை கேட்கலாம். அவர் கடை திறப்பதைத் தடுப்பது வேறு, திருடிய பட்டியலைத் தடுப்பது வேறு.

எங்கே போவது? 2013 மார்ச் வரை செஷன்ஸ் நீதிமன்றத்திற்குத் தடையுத்தரவு கொடுக்கும் அதிகாரம் இல்லை. வட சிலாங்கூர்க்காரர் சின்னத் தகராறுக்கும் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இப்போது 10 லட்சம் ரிங்கிட் வரையிலான வழக்குகளில் செஷன்ஸ் நீதிமன்றமே கொடுக்கலாம். சென்டிரியான் பெர்ஹாட்டாக இருந்தால் வழக்கறிஞர் கட்டாயம். நிறுவனத்திற்காக உரிமையாளரே உயர் நீதிமன்றத்தில் நின்று வாதாட முடியாது.

மிக அவசரம் என்றால் எதிராளி இல்லாமலேயே தடை வாங்கலாம். ஆனால் அதற்கு ஆயுள் 21 நாள்தான். உத்தரவை ஏழு நாளுக்குள் எதிராளியிடம் சேர்ப்பிக்க வேண்டும். இரு தரப்பையும் கேட்கும் விசாரணை 14 நாளுக்குள் வைக்கப்படும். எதிராளி இல்லாத இடத்தில் பேசுகிறோம் என்பதால், தனக்குப் பாதகமான உண்மைகளையும் சத்தியப் பிரமாணத்தில் சொல்லியாக வேண்டும். முன்னறிவிப்புக் கடிதம் வந்ததை மறைத்தது பின்னால் தெரிந்தால், தடை ரத்தாவதற்கு அதுவே போதும்.

பலர் கவனிக்காத ஒன்று, தடை கேட்பவர் கொடுக்கும் உறுதிமொழி. கடைசியில் வழக்கில் தோற்றால், தடையால் எதிராளிக்கு ஏற்பட்ட நட்டத்தைத் தானே கட்டுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆலையையோ அறுவடையையோ ஒரு மாதம் நிறுத்தி வைத்தால் அந்தத் தொகை லாரி விலையைத் தாண்டலாம்.

தரவேண்டிய பணத்தைத் தராமல் சொத்தை விற்றுவிட்டு மறையப் பார்ப்பவருக்கு எதிராக, சொத்தை முடக்கும் 'மரேவா' தடையும் உண்டு. 1982இல் கூட்டரசு நீதிமன்றம் அதை இங்கே ஏற்றுக்கொண்டது. பயம் மட்டும் போதாது, சொத்து கைமாறும் ஆபத்துக்கு ஆதாரம் வேண்டும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலை போன்ற அரசாங்கக் குத்தகைகளில் நிலைமை வேறு. 1956ஆம் ஆண்டு அரசாங்க வழக்குச் சட்டப்படி அரசாங்கத்திற்கு எதிராகத் தடையுத்தரவு கிடையாது. உரிமை யாருடையது என்ற பிரகடனத்தை மட்டுமே நீதிமன்றம் தரலாம்.

ஒப்பந்த மீறலுக்கு இழப்பீடு கேட்க ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது. தடையுத்தரவுக்கு அப்படியில்லை. இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு அவசரம் என்று வந்தால், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று நீதிபதி கேட்பார். கடிதம் வந்த அன்றே எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்து, ஒப்பந்தத்தோடு எடைச் சீட்டுகள், வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அந்த வாரத்திலேயே வழக்கறிஞரைப் பார்ப்பவருக்கு, தடை கிடைக்காவிட்டாலும் இழப்பீட்டு வழக்குக்கான பாதி வேலை முடிந்திருக்கும்.