உப்பை வைத்து ஆளை எண்ணினார்கள்!
நாட்டின் வருமானத்தை சர்க்கார் கணக்கிடும் கதை

1947-ம் ஆண்டு. டெல்லியில் வகுப்புக் கலவரம். உயிர் தப்பி ஓடிவந்த மக்கள் செங்கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். வேறு சிலர் ஹுமாயூன் கல்லறை வளாகத்தில் தங்கினார்கள்.

அவர்களுக்குச் சோறு போடும் பொறுப்பு சர்க்காருடையது. சாமான்கள் கொடுக்கும் வேலை காண்டிராக்டர்களிடம் விடப்பட்டது. பில் வந்தது. பெரிய பில்! உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதிகாரிகளுக்குத் தெரியாது. அந்தப் பதற்றத்தில் யார் உள்ளே போய்த் தலையை எண்ணுவது? காண்டிராக்டர் சொன்னதுதான் கணக்கு.

புள்ளி விவர நிபுணர்களைக் கூப்பிட்டார்கள். நிபுணர்கள் பில்லை வாங்கிப் பார்த்தார்கள். அரிசி எவ்வளவு? பருப்பு எவ்வளவு? உப்பு எவ்வளவு?

ஒரு ஆளுக்குச் சராசரி எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு உப்பு செலவாகும்? பேராசிரியர் மகலநோபிஸ் முன்பே குடும்பம் குடும்பமாக விசாரித்து வைத்திருந்த கணக்கு இருந்தது. சென்குப்தா என்ற நிபுணர் அதைக் கொண்டு வகுத்துப் பார்த்தார். மூன்று விடைகள் வந்தன. அரிசிக் கணக்குப்படி ஆட்கள் மிக அதிகம். உப்புக் கணக்குப்படி மிகக் குறைவு!

எது உண்மை? உப்புதான்! அரிசி விலை உயர்ந்த சரக்கு. மூட்டையைக் கூட்டி எழுதினால் லாபம் உண்டு. உப்பில் பொய் எழுதி என்ன கிடைக்கப் போகிறது? ஹுமாயூன் கல்லறையில் இருந்த கூட்டம் சிறியது. அங்கே இதே முறையில் போட்ட கணக்கு, உண்மையான ஆள் தொகைக்கு ஏறக்குறையச் சரியாக இருந்தது.

இந்தச் சம்பவத்தைப் பின்னாளில் எழுதி வைத்தவர், புள்ளியியல் மேதை சி.ஆர்.ராவ்.

மூன்று பேர் கமிட்டி

ஒரு கோட்டைக்குள் இருந்தவர்களை எண்ணுவதே இவ்வளவு சிரமம். நாடு முழுவதும் ஒரு வருஷத்தில் சம்பாதித்ததை எப்படி எண்ணுவது?

வெள்ளைக்காரன் காலத்திலேயே இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. 1867-68-ம் ஆண்டில் ஒரு இந்தியனின் சராசரி வருமானம் வருஷத்துக்கு 20 ரூபாய் என்று தாதாபாய் நௌரோஜி கணக்கிட்டார். மாதத்துக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை! பிறகு காஞ்சீபுரத்தில் பிறந்த வி.கே.ஆர்.வி.ராவ் இன்னும் நுட்பமான கணக்குகள் போட்டார்.

1949 ஆகஸ்டில் சுதந்திர சர்க்கார் ஒரு கமிட்டியை நியமித்தது. மகலநோபிஸ் தலைவர். காட்கிலும் வி.கே.ஆர்.வி.ராவும் உறுப்பினர்கள். 1951-ல் முதல் அறிக்கை வந்தது. 1948-49-ல் நாட்டின் வருமானம் 8,710 கோடி ரூபாய். தலைக்கு 255 ரூபாய். 1954-ல் வந்த கடைசி அறிக்கையில் அதே வருஷத்துக்கு 8,650 கோடி என்று திருத்தினார்கள். தலைக்கு 247 ரூபாய் ஆயிற்று.

தப்பா செய்துவிட்டார்கள்? இல்லை. புதிய விவரம் வந்தது, திருத்தினார்கள். இன்றும் அப்படித்தான். முதலில் முன்மதிப்பீடு. பிறகு திருத்தம். அதற்குப் பிறகு இன்னொரு திருத்தம். பத்திரிகையில் முதலில் வருவது கடைசி எண் அல்ல.

1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. முதல் சுற்றுக்கு எடுத்துக்கொண்டவை 1,833 கிராமங்கள். 1951-ல் மத்தியப் புள்ளியியல் நிறுவனம் பிறந்தது. 2019-ல் இரண்டையும் சேர்த்து தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஆக்கினார்கள்.

ஒரு வேட்டிக்கு எத்தனை கணக்கு?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். விவசாயி 100 ரூபாய்க்குப் பருத்தி விற்கிறார். மில்காரர் அதை நூலாக்கி 180 ரூபாய்க்கு விற்கிறார். நெசவாளி வேட்டியாக நெய்து 300 ரூபாய்க்குக் கொடுக்கிறார். கடைக்காரர் 360 ரூபாய்க்கு விற்கிறார்.

நாலையும் கூட்டினால் 940 ரூபாய். ஆனால் நாட்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வேட்டிதானே! பருத்தியின் விலையை நாலு தடவை சேர்த்துவிட்டோம். அதனால் அவரவர் கூட்டிய மதிப்பை மட்டும் எடுக்கிறார்கள். விவசாயி 100, மில் 80, நெசவாளி 120, கடைக்காரர் 60. மொத்தம் 360. வேட்டியின் விலையும் அதுதான்.

கம்பெனிகள் சர்க்காரிடம் கணக்குக் கொடுக்கின்றன. தொழிற்சாலைகளுக்குத் தனி ஆய்வு உண்டு. டீக்கடைக்காரரும் தையல்காரரும் பேரேடா வைத்திருக்கிறார்கள்? அவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, நேரில் போய் விசாரித்துத்தான் மற்றவர்களுக்கும் மதிப்புப் போட வேண்டும்.

வயலில் ஒரு சதுரம்

நெல் விளைச்சலை எப்படி அறிகிறார்கள்? கிராமத்தையும் வயலையும் குலுக்கல் போலத் தேர்ந்தெடுக்கிறார்கள். அறுவடை நாளன்று ஊழியர் வயலின் தென்மேற்கு மூலையில் நிற்கிறார். ஏற்கனவே எடுத்த எண்ணின்படி நீளத்திலும் அகலத்திலும் எட்டு வைத்து நடக்கிறார். நின்ற இடத்தில் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்துக்குக் கயிறு கட்டுகிறார். கதிர் நன்றாக இருக்கிறதே என்று நகர்ந்து கட்டக் கூடாது. சாவியாக இருக்கிறதே என்று விலகிப் போகவும் கூடாது!

அந்தச் சதுரத்தில் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுக்கிறார்கள். அதை 400-ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர் விளைச்சல்.

இது விளையாட்டல்ல. பயிர்க் காப்பீட்டு நஷ்ட ஈடு பெரும்பாலும் இந்த எடையைப் பார்த்துத்தான் தீர்மானமாகிறது. ஊருக்கெல்லாம் விளைந்து, ஒருவருக்கு மட்டும் கருகினால் அவர் பாடு திண்டாட்டம்தான்.

ரயில் எந்த மாநிலத்துக்கு?

மாநில வருமானத்தை அந்தந்த மாநிலத்தின் புள்ளியியல் துறை கணக்கிடுகிறது. ஆனால் ஒரு சிக்கல்! சென்னையில் புறப்படும் டெல்லி ரயில் ஆந்திரா, தெலங்கானா, மராட்டியம், மத்தியப் பிரதேசம் என்று பல மாநிலங்களைக் கடக்கிறது. அதன் வருமானம் யாருக்கு? ரயில்வே, பாங்கி, மத்திய சர்க்கார் நிர்வாகம் ஆகியவற்றின் கணக்கை மத்திய அலுவலகமே பிரித்து மாநிலங்களுக்குக் கொடுக்கிறது.

இதில் பணம் இருக்கிறது. 2021 முதல் 2026 வரைக்கான வரிப் பங்கீட்டில், 15-வது நிதிக் கமிஷன் 100-க்கு 45 பங்கு முக்கியத்துவத்தைத் தலா வருமானத்துக்குக் கொடுத்தது. பணக்கார மாநிலத்தைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கிறதோ, அவ்வளவு அதிகப் பங்கு!

வாசலில் வந்து கேட்பவர்

வீட்டுச் செலவை அறிய ஊழியர்கள் வீடுவீடாகப் போகிறார்கள். 2022-23 ஆய்வில் 2,61,746 குடும்பங்களைக் கேட்டார்கள். ஒரு ஆளின் மாதச் செலவு கிராமத்தில் சராசரி 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய் என்று தெரிந்தது. அதற்கு முந்திய 2017-18 ஆய்வின் முடிவை, விவரங்களின் தரம் சரியில்லை என்று சொல்லி சர்க்கார் வெளியிடவில்லை. ஆகவே, 2011-12-க்குப் பிறகு நீண்ட காலம் புதிய கணக்கே இல்லை. வாசலில் நின்று பதில் சொன்ன குடும்பங்களின் நேரம் வீண்!

வருமான வரிக்காரர்களுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று சிலர் பயப்படுவதுண்டு. பயம் வேண்டாம். தனி ஒருவரின் விவரத்தை வெளியிடக் கூடாது என்று 2008-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

அம்மாவுக்கு என்ன சம்பளம்?

ஒருவர் தம் வீட்டுச் சமையல்காரியைக் கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்று பொருளாதார நிபுணர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். அதே அடுப்பு, அதே சமையல். ஆனால் முன்பு சம்பளம் உண்டு, கணக்கில் சேர்ந்தது. இப்போது சம்பளம் இல்லை; கணக்கிலும் இல்லை!

வேடிக்கைதான். ஆனால் வீட்டுக்கு வீடு நடக்கும் வேடிக்கை. 2019-ல் நாடு முழுவதும் நேரக் கணக்கு எடுத்தார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளைக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரி இது. அப்படிக் கை வைத்தவர்கள் 100-க்கு 26 பேர்தான்!

நேரத்தை எண்ணினார்கள். அந்த 299 நிமிஷத்துக்கு நாட்டின் வருமானக் கணக்கில் இன்னும் ஒரு காசுகூட எழுதப்படவில்லை.